குட்டையாகிப் போன ஏழு பிள்ளைகள்

எடையத்தைக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு வருவதுதான் அவள் உத்தியோகம். சுகாதார அலுவலகத்தில் அந்த வேலைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தராசோடு வருகிற அத்தை எடையத்தை, அவ்வளவுதான்.

முகம் தெரியாமல் போனதற்குக் காரணம் அவள் வைத்திருந்த திரை. மரச்சட்டத்தில் பச்சைத் துணி கட்டி, மடக்கித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அவளே சொல்லிச் செய்து வாங்கியது. திரைக்குப் பின்னால் தராசு, உயரப் பலகை, அவள், அவள் நாற்காலி. பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி தராசில் ஏற வேண்டும். எண் காட்டும் பெட்டி ஒயரோடு அத்தையின் மடியில் இருக்கும். ஏறியவனுக்கே எண் தெரியாது. உயரம் பார்க்கும்போதும் அவள் பலகைக்குப் பின்னால் நின்று தலைக்கட்டையை இறக்கி, ஓரத்தில் இருக்கும் கோட்டைப் படிப்பாள். "அடேயப்பா" கிடையாது, "வீட்ல சோறு போடறாங்களா இல்லையா" கிடையாது. "முடிஞ்சுது கண்ணு, அடுத்தவங்கள வரச் சொல்லு." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

சீட்டை நீட்டும் கையைக்கூட அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்வையைத் தரையில் போட்டுவிடுவாள். அப்படித்தான் கால்கள் பரிச்சயமாயின. குளிக்கச் சொன்னால் கணுக்காலோடு நிறுத்திக்கொள்கிற கால், அக்காவின் நகப்பூச்சைத் திருடிப் போட்டுக்கொண்ட கால், ஒரு நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாத கால் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு ஆள் வகுப்பு நடுவில் தராசைப் போட்டு, ஒவ்வொருவராக ஏற்றி, எண்ணைக் கூவினார். ஏலம் விடுகிறவர்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். இவள் ஏறியதும், "முப்பத்தொன்பதரை!" என்று ஒரு கூவல். நாற்பது என்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். அந்த அரை இருக்கிறதே, அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆகி வேறு தெருவுக்குக் குடிபோகும்வரை அவள் பெயர் முப்பத்தொன்பதரை. அந்த ஆள் மட்டும் இன்றைக்கு எதிரே வந்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், எழுதுவதற்கில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சிவப்பு விழுந்தது இரண்டு பேருக்கோ மூன்று பேருக்கோ. உயரத்துக்கும் வயதுக்கும் சரியான எடை இருந்தால் பச்சை, அதைக் கொஞ்சம் தாண்டினால் மஞ்சள், நிறையத் தாண்டினால் சிவப்பு. அது அலுவலக மெஷின் போடுகிற நிறம். பத்தாவது வருஷம் வகுப்புக்கு ஆறு சிவப்பு. இப்போது பதினொன்று, பன்னிரண்டு. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் கோடு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. இடையில் ஒரு வருஷம்கூட அது மூச்சு வாங்க உட்காரவில்லை.

ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் அத்தை ஒரே காரணமாகச் சொல்ல மாட்டாள். விளையாட்டு மைதானத்தில் பாதி, ஆசிரியர்களின் வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. வாசல் கடையில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்குகிறது, அதுவும் சரியாக ஏழு வயதுக் கை எட்டுகிற உயரத்தில். வீட்டில் வேலை முடிந்து வருகிற இரண்டு பேருக்கும் நிற்கத் தெம்பு இல்லை, பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று போனைக் கொடுத்துவிடுகிறார்கள். "எல்லாம் அம்மாக்கள் கொடுக்கிற செல்லம்" என்று ஆரம்பிக்கிறவர்களை மட்டும் அவளுக்கு ஆகாது. அம்மா என்ன பம்ப் வைத்தா காற்றடிக்கிறாள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளிச் சீருடைதான் அவர் பிழைப்பு. படத்தில் ஏறுகிற கோட்டை அவர் தன் கத்தரிக்கோலிலேயே பார்த்துவிட்டார். முன்னெல்லாம் பத்து வயதுக்கு வெட்டிய துணியை இப்போது ஏழு வயதுக்கு வெட்டுகிறார். அவரிடமும் ஒரு திருட்டுத்தனம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது அளவு தேவைப்பட்டால், தைத்துவிட்டு இடுப்புப் பட்டியில் 'எட்டு' என்றே லேபிள் வைப்பார். பிள்ளை அதைப் படித்துப் பார்த்துச் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு போகும். "நீ திரை போடற, நான் லேபிள் போடறேன்" என்பார். பொருத்தம் பார்த்துத்தான் கல்யாணம் பண்ணியிருக்கிறார்கள் போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நீலக் கேட் பள்ளிக்கூடத்துக்குப் புதிய தலைமையாசிரியை வந்தாள். பெரிய டீச்சர் என்று கூப்பிடுவார்கள். கெட்டவள் இல்லை, ரொம்பச் சுறுசுறுப்பு. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வருஷத் தொடக்கத்தில் அத்தை எடை எடுத்ததில், நூற்றிருபது பிள்ளைகளில் முப்பத்து மூன்று பேர் சிவப்பு என்று அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தது. பெரிய டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. மறுநாளே முப்பத்து மூன்று பேருக்கும் சாப்பாட்டு இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி இருபது நிமிஷம் ஓட்டம். 'சுறுசுறுப்பு அணி' என்று பெயர் வைத்தாள். மற்ற பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'குண்டு ரயில்'. ரயில் ஒவ்வொரு சுற்று வரும்போதும் படிக்கட்டிலிருந்து "கூ..." என்று ஊதுவார்கள். சிவப்பு யாருக்கும் தெரியக்கூடாது என்று திரைக்குள் மூடி மூடி எடுத்த எண், மைதானத்தில் வரிசையாக ஓடியது.

எடையத்தை இதைக் கேள்விப்பட்டுக் குமுறினாள். ஆனால் மூன்று மாதம் கழித்து இரண்டாம் தடவை எடை எடுத்தபோது, முப்பத்து மூன்று இருபத்தாறாக இறங்கியிருந்தது. ஏழு பேர் சிவப்பிலிருந்து நேராகப் பச்சைக்கே போய்விட்டார்கள்.

சுகாதார அதிகாரி துள்ளிக் குதித்தார். அவர் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையையும் தராசில் ஏற்றியது கிடையாது, ஆனால் எண் என்றால் உயிர். "எண் பொய் சொல்லாதும்மா" என்பது அவருடைய பல்லவி. "ஒரே பருவத்துல இருபத்தோரு சதவீதம் வீழ்ச்சி! பத்தொன்பது வருஷமா ஏறிட்டிருந்த கோட்டை ஒரு விசில் இறக்கிடுச்சு, பாத்தீங்களா? நம்ம நாப்பது பள்ளிக்கூடத்துக்கும் இதையே கொண்டு வரப்போறேன். மூணாம் எடையையும் எடுத்துக் குடுத்துடுங்க, உத்தரவு போட்டுடலாம்."

அன்று சாயங்காலம் அத்தை தையல் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி இதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தான் திட்டிய ஓட்டம் பலித்துவிட்டதே.

வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எந்தப் பள்ளிக்கூடம்? நீலக் கேட்டா? ஏம்மா, அந்த மூலையில பாரு. அந்தப் பள்ளிக்கூடத்து மூணாம் வகுப்பு டவுசரு, பாவாடை எல்லாம் பிரிச்சுத் தைக்கக் குவிஞ்சு கெடக்கு. இடுப்பு பத்தலையாம். உள்ள விட்ட துணியெல்லாம் தீந்து போச்சு, இப்ப ஒட்டுப் போட்டுட்டிருக்கேன். இளைச்சவன் எவனும் என்கிட்ட பிடிச்சுத் தைக்க வரலையே?"

அத்தைக்குச் சுருக்கென்றது. எண் எழுதும்போதே ஒரு பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. வீட்டுக்குப் போன கையோடு அந்த நோட்டை எடுத்துப் பச்சையான ஏழு பேரையும் தேடினாள். ஏழு பேரும் மூன்றாம் வகுப்பு. எடை குறைந்திருந்தது சரி. ஒருவனுக்கு முப்பத்தாறு கிலோ இருபதாகியிருந்தது. ஆனால் பக்கத்தில் உயரம் எழுதிய வரிசையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நூற்றிருபத்தேழு சென்டிமீட்டர் இருந்தவன் நூற்றுப் பதினெட்டரை. நூற்று முப்பது இருந்தவள் நூற்றுப் பதினெட்டரை. ஏழு பேரும் மூன்றே மாதத்தில் குட்டையாகி, ஒரே உயரத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். எடையும் பத்தொன்பது எண்ணூறு, பத்தொன்பது தொள்ளாயிரம், இருபது என்று ஒட்டி ஒட்டி வந்தது. மெஷின் எடையும் உயரமும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துப் பச்சை போட்டிருக்கிறது. பிள்ளை சுருங்கியதைப் பற்றி அதற்கு என்ன கவலை?

இது அத்தையின் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்கிறது. அவள்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லையே.

மூன்றாம் எடைக்கு நீலக் கேட் பள்ளிக்கூடம் போனபோது அவள் வாயைத் திறக்கவில்லை. பாட்டு வகுப்பு அறையில் வழக்கம்போலத் திரை கட்டினாள். அந்த அறைக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்னால் வந்து பின்னால் போக வேண்டும். வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வகுப்பு டீச்சர் வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அத்தை கால்களை மட்டும் கவனித்தாள்.

மூன்றாம் வகுப்பு வந்தது. நான்காவது சீட்டோடு மெல்லிசான இரண்டு கால் வந்தன. இடது சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தது. இருபத்து நாலு கிலோ நூறு. "முடிஞ்சுது கண்ணு." ஆறு பேர் கழித்து அதே சுண்டுவிரல் வேறு சீட்டோடு வந்தது. அப்புறம் மறுபடியும். நான்காவது தடவை ஏறியபோது அத்தை சொன்னாள்: "கால் வலிக்கலையா கண்ணு? நாலு தடவை ஏறிட்டியே."

தராசு லேசாக ஆடியது.

"நான் இல்ல" என்றது சுவரைப் பார்த்த தலை.

"எது நீ இல்ல?"

"முன்னாடி வந்தது நான் இல்ல."

"அப்ப முன்னாடி வந்த சுண்டுவிரல் யாரோடது? சரி, திரும்பு."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு பிள்ளையைத் திரும்பச் சொன்னாள். எட்டு வயதுப் பெண், இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது. வகுப்பில் குச்சி என்று பெயராம். கேட்டால் அழும் என்று அத்தை நினைத்தாள். அது அழவில்லை, கணக்குச் சொல்லியது. போன தடவை ஏழு பேருக்காக ஏறியது. முன்வாசலில் சீட்டை வாங்கி ஏறி, பின்வாசல் வழியாக இறங்கி, சுற்றி வந்து அடுத்தவன் சீட்டோடு மறுபடி வரிசையில். அதற்குக் கூலி, ஏறச் சொன்னவர் ஒவ்வொருவரும் ஒரு வாரத்துக்குத் தன் பிஸ்கட், கேக், சிப்ஸ் எல்லாவற்றையும் குச்சியிடம் கொடுத்துவிட வேண்டும். ஏழு வாரம் குச்சிக்கு இரட்டைத் தீனி. தொழில் செழித்ததில் தொழிலாளிக்கு நாலு கிலோ கூடிவிட்டது. உண்மையாக இளைத்தது என்று சொன்னால், அந்த ஏழு பேரும் பாக்கெட் இல்லாமல் இருந்த அந்த ஒரு வாரம்தான்.

"இப்ப எல்லாரும் சண்டை போடறாங்க அத்தை. நீ குண்டாயிட்ட, உன்னை நம்பி ஏத்தினா எங்களுக்கு மஞ்சள் வந்துடும், வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்றாங்க" என்றாள் குச்சி. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கவலையாகக் கேட்டாள்: "இப்படியே போச்சுன்னா எனக்கு யாரு அத்தை ஏறுவா?"

அத்தைக்கு வந்த சிரிப்பை அடக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "ஏன்டி, ஓடறதுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா அவங்களுக்கு?"

"ஓடறதுக்கு இல்ல. அவங்க சாயங்காலம் எங்க தெருவுல ஓடிப் பிடிச்சு விளையாடறாங்க, என்னையவே பிடிச்சிடறாங்க. மத்தியானம்தான் எல்லாரும் உக்காந்து பாக்கறாங்க. கூ...ன்னு ஊதறாங்க." குரல் இறங்கியது. "ஒருத்தன் ஓடும்போதே அழுவான். வேர்வைன்னு சொல்லுவான்."

அத்தைக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பொய்யாக எழுதிய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஏழு பேரையும் ஒவ்வொருவராக வரவழைத்து, அவரவர் காலாலேயே ஏறச் சொன்னாள். எண்ணைச் சரியாக எழுதிக்கொண்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் சிக்கல் அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டது. நடந்ததைச் சொல்லாவிட்டால் இரண்டாம் எடையைக் காட்டி நாற்பது பள்ளிக்கூடத்திலும் குண்டு ரயில் விடுவார்கள். சொன்னாலோ, திரையினால்தானே இவ்வளவு திருட்டும் நடந்தது என்று திரையைப் பிடுங்குவார்கள். அப்புறம் நாற்பது பள்ளிக்கூடத்திலும் எண்ணைக் கூவ ஆரம்பிப்பார்கள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர். "மூணு எடையையும் அப்படியே கொண்டுபோய் வை. எண் பொய் சொல்லாதுன்னு அவர்தானே சொல்றாரு?"

அத்தைக்கும் அதுதான் வசதியாகப்பட்டது. ஏழு பேருடைய எண்களையும் ஒரே தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரி அறையில் பெரிய டீச்சரும் விசிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"எடை மறுபடி ஏறிடுச்சு சார்" என்றாள் அத்தை. "இப்ப முப்பத்து நாலு சிவப்பு. உயரத்தையும் ஒரு பார்வை பார்த்துடுங்க."

அதிகாரி பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது? நூத்தி இருபத்தேழு, நூத்திப் பதினெட்டரை, நூத்தி இருபத்தெட்டா? இந்தப் பிள்ளைங்க குட்டையாயிருக்காங்களே!"

அத்தை சும்மா இருந்தாள்.

"இந்த ஏழு பேரும் எப்ப ஓடினாங்க டீச்சர்?"

"முதல் எடைக்கும் ரெண்டாம் எடைக்கும் நடுவுல சார். பச்சை வந்ததும் அணியிலேர்ந்து எடுத்துட்டேன்."

அதிகாரி பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஓடிய மூன்று மாதம் சுருங்கியிருக்கிறார்கள். ஓட்டத்தை நிறுத்திய மூன்று மாதம் வளர்ந்திருக்கிறார்கள். ஏழுக்கு ஏழு! எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பிள்ளைகள் குண்டானால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரும். குட்டையானால் விசாரணைக் குழுவே வரும்.

"ஓடி ஓடித் தேஞ்சு போயிட்டாங்களா சார்?" என்று பெரிய டீச்சர் நடுங்கிப்போய்க் கேட்டாள். கை தானாக விசிலை முந்தானைக்குள் மறைத்தது.

"இனிமே ஓட்டமே கூடாது. உடனே நிறுத்துங்க!"

அத்தை தெருவுக்கு வந்து, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். ஒரு பொய் சொல்லவில்லை, திரையும் பிழைத்தது, ரயிலும் நின்றது. அவ்வளவு சாமர்த்தியம் தனக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெருமை சரியாக எட்டு நாள் நீடித்தது.

ஒன்பதாம் நாள் வேறொரு பள்ளிக்கூடத்துக்குத் தராசோடு போனாள். சாப்பாட்டு மணி அடித்தும் மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. கேட் பூட்டியிருந்தது. இருநூறு பிள்ளைகள் வராந்தாவில் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் பின்பக்கம் தரையை விட்டு எழுந்தாலும் டீச்சர் அதட்டினாள்.

"என்ன டீச்சர் இது? தண்டனையா?"

"இல்லைங்க, உத்தரவு" என்று டீச்சர் ஒரு தாளை நீட்டினாள். 'மதிய இடைவேளையில் ஓடுதல், துள்ளுதல், குதித்தல் முதலியன பிள்ளைகளின் உயரத்தைக் குறைப்பதாக ஆய்வில் தெரியவந்துள்ளதால், நாற்பது பள்ளிகளிலும்...' அத்தை அதற்கு மேல் படிக்கவில்லை. ஆய்வாம். ஆய்வு செய்தது அவளுடைய வாய். மூடிக்கொண்டே செய்தது.

அவளுக்கு உடம்பு கூசியது. பத்தொன்பது வருஷமாக ஏறுகிற கோட்டை, கூடவே நின்று அவளும் ஒரு கை கொடுத்துத் தூக்கி விட்டிருக்கிறாள். உட்கார்ந்தே கிடக்கிற பிள்ளைகளின் காலையும் கட்டிப்போட்டாயிற்று. தராசை அங்கேயே வைத்துவிட்டு, மத்தியான வெயிலில் நேராக அதிகாரியின் அறைக்கு நடந்தாள்.

குச்சியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னாள். இரண்டு கதவு, மாறிய சீட்டு, ஒரே காலில் வந்த எட்டு பேர், தான் வாயைத் திறக்காமல் இருந்தது எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேன்! அடுத்த மாசம் மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க! ஓடினா பிள்ளைங்க சுருங்குவாங்கன்னு நான் போய்ப் பேசியிருந்தா என் கதி என்னம்மா ஆகியிருக்கும்?"

"அதுக்குத்தான் சார் இப்பவே வந்தேன். ஓட்டமும் வேண்டாம், உட்கார வைக்கறதும் வேண்டாம். மைதானத்துக் கேட்டைத் திறந்து எல்லாரையும் சேர்த்து விளையாட விட்டுடுங்க. பாக்கறதுக்குப் படிக்கட்டுல ஆள் இல்லாம இருந்தா அவங்களே ஓடுவாங்க."

அவர் உத்தரவுத் தாளை இரண்டாகக் கிழித்தார். நியாயமான மனுஷன்தான். ஆனால் கோபம் எங்காவது இறங்க வேண்டுமே.

"சரி, மைதானத்தைத் திறக்கச் சொல்றேன். குண்டு ரயிலும் கிடையாது. ஆனா உங்க திரையும் இனிமே கிடையாது. அறை நடுவுல தராசைப் போடுங்க. பிள்ளை முகத்தைப் பாத்து, பேரைக் கேட்டு, எண்ணைச் சத்தமாப் படிங்க. டீச்சர் எழுதட்டும்."

"எண்ணை மட்டுமாவது மெதுவாப் படிக்கறேனே சார்."

"சத்தமா" என்றார் அதிகாரி.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் என்னென்னவோ வேடிக்கை பேசிப் பார்த்தார். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். "விட்டுட்டா கூவறதுக்கு வேற ஆளைப் போடுவாங்க" என்றார் அவர். அது உண்மையாக இருந்ததால் அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அடுத்த எடைக்கு நீலக் கேட் பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் போக வேண்டியிருந்தது. பாட்டு அறையின் நடுவில், வெளிச்சத்தில், தராசு. பத்தடி தள்ளி மேஜை போட்டு வகுப்பு டீச்சர் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். திரை கிடையாது, எண்ணைச் சத்தமாகப் படிப்பார்கள் என்று அவள் காலையிலேயே வகுப்பில் சொல்லியிருந்தாள். சுவரோரம் வகுப்பு முழுக்க வரிசையாக நின்றது. மூன்றாம் வகுப்புதான் முதல். அத்தை எண் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதல் சீட்டு, இருப்பதிலேயே கனமான பையனுடையது. ஓடும்போது அழுதவன் இவன்தானா என்று அவளுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான். ஏறினான். அத்தை வாயைத் திறந்தாள்.

"ஓரெட்டு எட்டு!" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

அந்த நொடியில் வகுப்பு முழுக்க அறை நடுவுக்கு ஓடி வந்தது. தராசைச் சுற்றி வட்டம் போட்டது. எல்லோரும் முதுகைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தை வெளியே வைத்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். "ஈரெட்டுப் பதினாறு! மூவெட்டு இருபத்து நாலு!" பாட்டு அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அத்தை, எண் என்ன? காதுல விழல!" என்று வட்டத்துக்கு வெளியிலிருந்து டீச்சர் கத்தினாள்.

"சத்தமாத்தான் டீச்சர் படிக்கறேன்!" என்று கத்தினாள் அத்தை. அவள் இன்னும் ஒரு எண்ணும் படிக்கவில்லை. படிக்க எண்ணும் இல்லை. பெட்டியில் முப்பத்தேழு, நாற்பத்தொன்று, முப்பத்து நாலு என்று அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இதென்ன, தராசு கெட்டுப் போய்விட்டதா என்று அவள் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதானே உத்தரவு, பார்த்தாள். பையன் தராசின் மேல் குதித்துக் குதித்து, கன்னமெல்லாம் சிவக்க, மற்றவர்களைவிடச் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான்.